எஸ்எஸ்ஓ போட்டாச்சு, ஆவண சர்வர் உள்ளே விடவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது எப்படி

அலுவலக ஆவண சர்வரில் எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் எல்லா அமைப்புக்குள்ளும் போகும் ஏற்பாடு) இணைத்த மறுநாள் காலையில் வரும் புகார்கள் எல்லாமே ஒரே வாக்கியம்தான்: "லாகின் ஆகவில்லை." இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் லாகின் ஆகாமல் போவதற்கு ஏழெட்டு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் திரையில் வேறு வேறு மாதிரி தெரியும். அதனால் காரணத்தை வைத்துப் பிரிக்காமல், திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்துப் பிரித்து எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு அல்ஃப்ரெஸ்கோ என்ற ஆவண மேலாண்மை அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஓடுகிறது, கோரிக்கைகளை முதலில் வாங்கி அதற்கு அனுப்ப முன்னால் என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் ப்ராக்ஸி, வருபவர் யார் என்று சரிபார்க்கும் அடையாள சர்வராக கீக்ளோக் அல்லது ஏடிஎஃப்எஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, எல்லாவற்றுக்கும் பின்னால் ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி. வேறு ஆவண மேலாண்மை அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு அமைப்புக் கோப்பின் பெயர்கள் மாறும், நோய் மாறாது.

எதையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: மறுத்தது யார்? பிழை தெரியும் நேரத்தில் முகவரிப் பட்டையைப் பாருங்கள். அடையாள சர்வரின் பெயர் நிற்கிறதா, மறுத்தது அதுதான். ஆவண சர்வரின் பெயர் நிற்கிறதா, அடையாள சர்வர் தரும் அனுமதிச் சீட்டான டோக்கன் கைக்கு வந்தும் ஆவண சர்வர் அதை ஏற்கவில்லை. இரண்டு பெயரும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கிறதா, யாரும் மறுக்கவில்லை, நடுவில் குக்கீ தொலைந்துபோகிறது. இதைப் பார்க்காமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமைப்பை மாற்றுபவர்கள்தான் மூன்று நாள் அலைகிறார்கள்.

பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கம் மாறினாலும் பதிவை அழிக்காதே என்ற பெட்டியை டிக் செய்துவிட்டு லாகின் செய்து பாருங்கள். எஸ்ஏஎம்எல் (டோக்கனை எக்ஸ்எம்எல்லாக அனுப்பும் எஸ்எஸ்ஓ முறை) என்றால் சாம்ல் ட்ரேசர் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால் போகும் வரும் எக்ஸ்எம்எல் அப்படியே பிரித்துக் காட்டும். தயவுசெய்து நிஜ ஊழியரின் டோக்கனை எடுத்து இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு டிகோடர் தளத்தில் ஒட்டாதீர்கள். அந்த நிமிடத்தில் அது செல்லுபடியாகும் சாவி.

அடையாள சர்வரிலேயே பிழைப் பக்கம் வருகிறது

இது நல்ல செய்தி, ஏனென்றால் பெரும்பாலும் எண்ணோடு வரும். என்ட்ராவில் 50011 என்றால் திரும்ப அனுப்ப வேண்டிய முகவரி பதிவில் இருப்பதோடு பொருந்தவில்லை. 700016 என்றால் அந்த அடையாளப் பெயரில் செயலியே அங்கே இல்லை. 50105 என்றால் எல்லாம் சரி, இந்த ஊழியரையோ அவருடைய குழுவையோ செயலிக்கு ஒதுக்க மறந்துவிட்டீர்கள். கீக்ளோக்கில் ரீடைரக்ட் யூஆர்ஐ தவறு என்று ஒரு வரி வரும், 50011க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இங்கே பொருத்தம் என்பது எழுத்துக்கு எழுத்து. கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் வேறு முகவரி. பல நேரம் நீங்கள் பதிந்தது சரியாகவே இருக்கும், ஆவண சர்வர் அனுப்புவதுதான் தப்பாக இருக்கும். ஏன் என்றால், எச்டிடிபிஎஸ் இணைப்பு என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது, அங்கிருந்து டாம்கேட்டுக்கு வெறும் எச்டிடிபியில் 8080 போர்ட்டில் போகிறது, டாம்கேட் தன்னைப் பற்றி "நான் எச்டிடிபி, 8080" என்றே நினைத்துக்கொண்டு அந்த முகவரியைக் கோரிக்கையில் எழுதி அனுப்புகிறது. அடையாள சர்வர் பக்கம் எச்டிடிபி முகவரியையும் சேர்த்துப் பதிந்து சமாளிப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், டோக்கன் மறைகுறியாக்கம் இல்லாத வழியில் போகும். சரியான வழி: வெளியே எச்டிடிபிஎஸ்தான் என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெட்டரை அனுப்ப என்ஜின்எக்ஸிடம் சொல்லி, டாம்கேட்டில் அதைப் படிக்கும் ரிமோட் ஐபி வால்வு போடுங்கள். இல்லையென்றால் கனெக்டரிலேயே ஸ்கீம் எச்டிடிபிஎஸ், செக்யூர் ட்ரூ, ப்ராக்ஸி நேம், ப்ராக்ஸி போர்ட் 443 என்று எழுதிவிடுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

கீக்ளோக்கைப் பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய அன்று எல்லாமே 404 ஆகிவிட்டதா? 2022ல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து முகவரியில் இருந்த "ஆத்" என்ற பகுதி இயல்பாக இல்லை. பழைய பாதையைத் திரும்ப வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, ஆனால் புதிய நிறுவல் என்றால் ஆவண சர்வர் பக்கம் முகவரியை மாற்றுவதே சுத்தம்.

இன்னொன்று, பாதிப் பேருக்கு மட்டும் வரும் 75011. ஆவண சர்வர் "பாஸ்வேர்ட் போட்டுத்தான் வந்திருக்க வேண்டும்" என்று கோரிக்கையில் எழுதிக் கேட்கிறது, ஊழியர் காலையிலேயே கைரேகையோ பல காரணிச் சரிபார்ப்போ முடித்து உள்ளே இருக்கிறார். அந்த நிபந்தனையைக் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். எப்படிச் சரிபார்ப்பது என்பது அடையாள சர்வரின் வேலை.

பக்கம் சுற்றிச் சுற்றி வருகிறது, நிற்கவே இல்லை

ஏடிஎஃப்எஸ் என்றால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரே பிரவுசர் சில நொடிகளில் ஆறு முறை வந்துவிட்டது என்று 7042 எண்ணோடு தானே நிறுத்திவிடும். மற்றவை சுற்றவிட்டு வேடிக்கை பார்க்கும்.

முதல் சந்தேகம் சேம்சைட், அதாவது வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீயை அனுப்பலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80இலிருந்து, சேம்சைட் என்று எதுவும் எழுதாத குக்கீயை லேக்ஸ் என்றே பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. எஸ்ஏஎம்எல் பதில் வேறொரு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் வருவதால் ஆவண சர்வரின் செஷன் குக்கீ கூட வராது. சர்வர் "நீ யார்?" என்று மறுபடி அடையாள சர்வருக்கே அனுப்பும்.

இதில் ஆளைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. குக்கீ போட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை என்றால் குரோம் அந்த போஸ்ட்டோடு அதை அனுப்ப விட்டுவிடும். ஆகவே மளமளவென்று பாஸ்வேர்ட் அடிப்பவர் உள்ளே போய்விடுவார், கைபேசியைத் தேடி எடுத்து ஓடிபி பார்த்துப் போடுகிறவர் சுற்றிக்கொண்டே இருப்பார். ஐடி துறையில் சோதித்துப் பார்ப்பவர்கள் எப்போதும் முதல் வகை, அதனால் "எங்களுக்கு வருகிறதே, உங்கள் பிரவுசரில்தான் கோளாறு" என்று புகாரை மூடிவிடுவார்கள். சோதிக்கும்போது லாகின் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பாஸ்வேர்ட் போடுங்கள். அப்போது சுற்றினால் இதுதான் காரணம். டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் கோப்பில் குக்கீ ப்ராசஸருக்கு சேம்சைட் நன் என்று கொடுங்கள், கூடவே குக்கீ செக்யூர் ஆகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரவுசர் அதைத் தூக்கிப் போட்டுவிடும். முன்பு சொன்ன எச்டிடிபிஎஸ் குழப்பத்தைத் தீர்க்காமல் செக்யூர் தானாக வராது, அதனால் வரிசையாகச் செய்யுங்கள்.

ஒருமுறை வருகிறது, ஒருமுறை வரவில்லை என்றால், கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிரும் லோட் பேலன்சர். கோரிக்கையை அனுப்பியது முதல் சர்வர், அதன் எண்ணை நினைவில் வைத்திருப்பதும் அதுதான், பதில் போய் விழுந்தது இரண்டாம் சர்வரில். ஒரே ஆளை ஒரே சர்வருக்கு அனுப்பும் ஸ்டிக்கி செஷனைப் போட்டால் அடங்கிவிடும்.

பாஸ்வேர்ட் சரி, ஆவண சர்வர் பக்கத்தில் பிழை

டோக்கன் வந்துவிட்டது, பிடிக்கவில்லை. ஆவண சர்வரின் லாக்கைத் திறந்து என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கையொப்பம் சரியில்லை என்றால், அடையாள சர்வர் தன் சான்றிதழை மாற்றிவிட்டது. ஏடிஎஃப்எஸ் தானே செய்துகொள்ளும் கையொப்பச் சான்றிதழுக்கு ஆயுள் ஓராண்டு. காலாவதிக்கு 20 நாள் முன்பு புதியதை உருவாக்கும், அதிலிருந்து 5 நாளில் அதையே முதன்மையாக்கிவிடும். அதாவது பழைய சான்றிதழில் இன்னும் 15 நாள் ஆயுள் இருக்கும்போதே அதற்கு வேலை போய்விடுகிறது. காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குறிக்க வேண்டியது அதற்கு 20 நாள் முந்தைய தேதி. என்ட்ராவில் இயல்பான ஆயுள் மூன்று ஆண்டு, ஆகவே அமைத்தவர் வேலை மாறிப் போன பிறகுதான் வெடிக்கும். அடையாள சர்வரின் சான்றிதழும் முகவரிகளும் அடங்கிய மெட்டாடேட்டாவைத் தானாகப் புதுப்பிக்கும் வசதி உங்கள் அமைப்பில் இருந்தால் போடுங்கள். எக்காரணம் கொண்டும் கையொப்பச் சோதனையை "தற்காலிகமாக" அணைக்காதீர்கள். அணைத்த நொடியிலிருந்து யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் ஓர் எக்ஸ்எம்எல் எழுதி உள்ளே வரலாம்.

ஆடியன்ஸ் (டோக்கன் யாருக்கு என்று எழுதியிருக்கும் பெயர்) பொருந்தவில்லை என்றால் கோளாறு ஆவண சர்வரின் என்டிட்டி ஐடியில். அது பார்க்க முகவரி மாதிரி இருந்தாலும் வெறும் பெயர், அங்கேயும் சாய்கோடு, பெரிய எழுத்து, எஸ் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வோர் எழுத்தும் கணக்கு. ட்ரேசரில் வரும் மதிப்பை நகலெடுத்து அப்படியே ஒட்டுங்கள், கையால் தட்டச்சு செய்ய வேண்டாம்.

இன்னும் நேரம் வரவில்லை அல்லது நேரம் கடந்துவிட்டது என்றால் கடிகாரம். மெய்நிகர் சர்வரைப் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்ட பிறகு அடிக்கடி வரும். இரண்டு சர்வரும் ஒரே நேர மூலத்தைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் லாகினை வைத்தே உள்ளே விடும் கெர்பரோஸ் முறைக்கு ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக விடும் சலுகை 5 நிமிடம். எஸ்ஏஎம்எல்லில் எவ்வளவு விடுவது என்பது ஒவ்வோர் அமைப்பின் விருப்பம்.

பிகேஐஎக்ஸ் பாதை கட்ட முடியவில்லை என்று ஜாவா அலறினால், மெட்டாடேட்டாவோ கீக்ளோக்கின் சாவிகளோ எடுக்கப்போன இடத்தில் உள்ளக சான்றிதழ் ஆணையத்தை ஜாவாவுக்குத் தெரியவில்லை. நேற்று வரை சரியாக இருந்ததே என்றால், நேற்று இரவு ஜாவாவைப் புதுப்பித்தது யார் என்று கேளுங்கள். ஜாவாவோடு வரும் நம்பகப் பட்டியலிலேயே சேர்த்திருந்தால் புதுப்பிப்பில் அது போயிருக்கும். தனிக் கோப்பில் வைத்து அதைச் சுட்டுங்கள்.

அல்ஃப்ரெஸ்கோவின் இணையத் திரையான ஷேருக்கே உரிய ஒன்று: லாக்கில் ரெஃபரர் ஹெட்டரைச் சோதித்தபோது சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளம் உங்கள் பெயரில் கோரிக்கை அனுப்பும்) தாக்குதலாக இருக்கலாம் என்று எழுதியிருக்கும். தாக்குதல் எதுவும் இல்லை, அடையாள சர்வரிலிருந்து வந்த போஸ்ட்டை வெளியாள் என்று நினைக்கிறது. ஷேரின் தனிப்பயன் அமைப்புக் கோப்பில் எஸ்ஏஎம்எல் பதில் வரும் பாதைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். முழு வடிகட்டியையும் எடுத்துவிடும் ஆலோசனை எங்கே பார்த்தாலும் கேட்காதீர்கள்.

உள்ளே வந்தாச்சு, என் கோப்புகளைக் காணோம்

எல்லாவற்றிலும் மோசமானது இது, ஏனென்றால் பிழைச் செய்தியே கிடையாது. ஊழியர் பதற்றத்தோடு அழைப்பார், பத்து வருட ஆவணங்கள் போய்விட்டன என்பார். எதுவும் போகவில்லை, அவர் வேறு ஆளாக உள்ளே வந்திருக்கிறார்.

பழைய ஏற்பாட்டில் ஆக்டிவ் டைரக்டரியின் சாம் அக்கவுன்ட் நேம் பயனர் பெயராக இருந்தது, உதாரணமாக கேசெல்வி. இப்போது அடையாள சர்வர் அனுப்புவது மின்னஞ்சல் வடிவில், கேசெல்விக்குப் பின்னால் அட் குறியும் டொமைன் பெயரும். அல்ஃப்ரெஸ்கோவுக்கு இவர் இதுவரை பார்க்காத ஆள். பார்க்காத ஆள் வந்தால் புதிதாக ஒரு பயனரை உருவாக்கிக்கொள்ளும் அமைப்பு இயல்பாகத் திறந்தே இருக்கிறது, ஆகவே அமைதியாக ஒரு புதிய கணக்கு, காலியான ஹோம் ஃபோல்டர், எந்த சைட்டிலும் உறுப்பினர் இல்லை. பயனர் பட்டியலைத் திறந்து பெயரைத் தேடினால் ஒரே பெயரில் இருவர் நிற்பார்கள்.

முதலில் அடையாள சர்வர் பக்கம் பழைய பெயரையே அனுப்பச் செய்யுங்கள். ஏடிஎஃப்எஸ், என்ட்ரா இரண்டிலும் நேம் ஐடிக்கு எந்தப் பண்பை எடுப்பது என்று மாற்றலாம், கீக்ளோக்கில் மேப்பர் இருக்கிறது. பிறகு இரட்டைக் கணக்குகளில் இடைப்பட்ட நாளில் யாராவது ஏதாவது ஏற்றிவிட்டார்களா என்று பார்த்து, இருந்தால் உரிய இடத்துக்கு நகர்த்திவிட்டு, அப்புறம்தான் நீக்க வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய நாளே தானாகப் பயனர் உருவாக்கும் அமைப்பை அணைத்து வைத்தால் இந்த வேலையே வராது. பெயர் பொருந்தாதவர் லாகின் ஆகாமல் நிற்பார், சத்தமாகப் புகார் வரும். சத்தமாக வரும் புகார் எவ்வளவோ மேல்.

இதன் தம்பி ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு கணக்கு சரியாக வருகிறது, ஆனால் அவர் துறையின் ஃபோல்டர் தெரியவில்லை. லாகின் என்பது யார் என்று சொல்வது மட்டும், எதைத் திறக்கலாம் என்பது குழுக்களில் இருக்கிறது, குழுக்கள் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து எல்டிஏபி ஒத்திசைவில் வருகின்றன, அது இயல்பாக நள்ளிரவில் ஒருமுறை ஓடுகிறது. காலையில் குழுவில் சேர்த்தால் மறுநாள்தான் தெரியும். பணிநேரத்தில் மணிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள்.

குழுக்களை டோக்கனிலிருந்தே எடுக்கும் அமைப்பு என்றால் வேறு வேடிக்கை: என்ட்ரா எஸ்ஏஎம்எல் டோக்கனில் 150 குழுக்கள் வரைதான் அனுப்பும், அதைத் தாண்டினால் பட்டியலுக்குப் பதிலாக ஓர் இணைப்பை வைத்துவிடும். அதனால் இளையவர்களுக்கு எல்லாம் தெரியும், இருபது வருடம் எல்லாத் துறையிலும் இருந்துவிட்ட பெரியவருக்கு எதுவும் தெரியாது. செயலிக்கு ஒதுக்கிய குழுக்களை மட்டும் அனுப்பும்படி மாற்றினால் சரியாகும்.

அலுவலகக் கணினியிலேயே பாஸ்வேர்ட் பெட்டி எழும்புகிறது

கெர்பரோஸ் போட்டிருந்தால் எதுவும் கேட்காமல் உள்ளே விட வேண்டும். பெட்டி வந்தால், எஃப்12இல் ஆத்தரைசேஷன் ஹெட்டரைப் பாருங்கள். நெகோஷியேட் என்ற சொல்லுக்கு அடுத்து வரும் குப்பை மாதிரியான எழுத்துகள் ஒய்-ஐ-ஐ என்று தொடங்கினால் கெர்பரோஸ் வந்திருக்கிறது, கோளாறு சர்வர் பக்கம். டி-எல்-ஆர்-எம் என்று தொடங்கினால் அது என்டிஎல்எம் என்ற பழைய விண்டோஸ் முறை, பிரவுசருக்கு கெர்பரோஸ் டிக்கெட்டே கிடைக்கவில்லை. நெகோஷியேட்டே அனுப்பவில்லை என்றால், தளத்தின் பெயர் விண்டோஸின் இன்ட்ராநெட் பட்டியலில் இல்லை.

டிக்கெட் கிடைக்காததற்குப் பெரும்பாலும் எஸ்பிஎன் (சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று ஆக்டிவ் டைரக்டரியில் பதியும் பெயர்) காரணம். ஒரே எஸ்பிஎன் இரண்டு கணக்கில் பதிந்திருந்தால் யாருக்கும் டிக்கெட் கிடைக்காது, செட்எஸ்பிஎன் கட்டளையை எக்ஸ் சுவிட்சோடு ஓட்டினால் இரட்டைகள் வெளியே வரும். தளத்தின் பெயர் டிஎன்எஸ்ஸில் சிநேம் ஆக இருந்தால் குரோம் அது சுட்டும் உண்மைப் பெயருக்கே டிக்கெட் கேட்கும், ஆகவே அந்தப் பெயருக்கும் எஸ்பிஎன் வேண்டும். திருத்திய பிறகு கேலிஸ்ட் பர்ஜ் கட்டளையால் டிக்கெட்டுகளை அழிக்காமல் சோதித்தால் பழைய டிக்கெட்டே வந்து ஏமாற்றும்.

சர்வர் லாக்கில் செக்சம் தோல்வி என்று வந்தால், சேவைக் கணக்கின் பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டார்கள், அதன் சாவியை வைத்திருக்கும் கீடேப் கோப்பு பழசாகிவிட்டது, புதியது எடுங்கள். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் 400 பிழை வந்தால் அவர்களும் அந்த 150 குழுக்காரர்கள் மாதிரிதான், டிக்கெட் பெரிதாகி ஹெட்டர் வரம்பைத் தாண்டுகிறது. டாம்கேட்டின் இயல்பு வரம்பு 8192 பைட், என்ஜின்எக்ஸும் ஒரு ஹெட்டர் வரிக்கு 8 கிலோபைட்தான் தரும். இரண்டையும் உயர்த்துங்கள், ஒன்றை மட்டும் உயர்த்தினால் பிழைப் பக்கத்தின் நிறம்தான் மாறும்.

பிரவுசரில் சரி, வேர்டிலிருந்து சேமிக்க முடியவில்லை, ஸ்கேனர் ஏற்றவில்லை

எஸ்ஏஎம்எல்லும், அதே வேலையைச் செய்யும் ஓஐடிசியும் பிரவுசர் ஒன்று இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை. ஸ்கேனர் மென்பொருளுக்கு லாகின் பக்கத்தை அனுப்பினால், அது அந்தப் பக்கத்தையே பதில் என்று எடுத்துக்கொண்டு விழிக்கும். அல்ஃப்ரெஸ்கோவின் எஸ்ஏஎம்எல் தொகுப்பில் ஷேர், ரெஸ்ட் ஏபிஐ, ஆஃபீஸ் சேவை மூன்றும் தனித்தனியாக இயக்க வேண்டியவை. ஷேரை மட்டும் இயக்கிவிட்டு வேர்டும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இரவு நேர ஸ்கிரிப்டுகளுக்கு ஆளின் கணக்கு வேண்டாம், தனிச் சேவைக் கணக்கு கொடுத்து, அது தேவைப்படும் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அட்மின் கணக்கைக் கொடுத்துவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது, பாஸ்வேர்டோ ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதிக் கிடக்கும்.

வெளியேறினால் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது

லாக்அவுட் அழுத்தியதும் ஆவண சர்வரின் செஷன் முடிகிறது, அடையாள சர்வரின் செஷன் அப்படியே இருக்கிறது, அடுத்த நொடி அது திரும்ப அனுப்பிவிடுகிறது. பொதுக் கணினிகள் இருந்தால் ஒற்றை வெளியேற்றத்தை இரு பக்கமும் அமையுங்கள். ஆளுக்கொரு கணினி என்றால் லாக்அவுட் பொத்தானை மறைத்துவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கவலைப்பட வேண்டியது இன்னொரு பக்கம்: வேலையை விட்டுப் போனவரை ஆக்டிவ் டைரக்டரியில் முடக்கியும் அவர் உள்ளே இருக்கிறார். அல்ஃப்ரெஸ்கோ தானே தரும் டிக்கெட்டுக்கு (கெர்பரோஸ் டிக்கெட் வேறு) இயல்பான ஆயுள் ஒரு மணி நேரம், ஆனால் அது கடைசிச் செயல்பாட்டிலிருந்து எண்ணப்படுகிறது. ஏதாவது ஒரு மென்பொருள் அந்த டிக்கெட்டை வைத்து அவ்வப்போது கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் டிக்கெட் சாகாது. எண்ணும் முறையை நிலையான காலத்துக்கு மாற்றலாம், ஆள் விலகும் நடைமுறையில் டிக்கெட்டை ரத்து செய்வதையும் சேருங்கள்.

எந்தப் புகாரும் வரவில்லை

இதையும் சோதிக்க வேண்டும். வெளிச் சரிபார்ப்பு முறையில், ப்ராக்ஸி ஆளைச் சரிபார்த்துவிட்டு எக்ஸ்-அல்ஃப்ரெஸ்கோ-ரிமோட்-யூசர் என்ற ஹெட்டரில் பெயரை எழுதி அனுப்பும், அல்ஃப்ரெஸ்கோ அதை நம்பும். ப்ராக்ஸி பயனர் பெயர் என்ற அமைப்பைக் காலியாக விட்டிருந்தால் யார் அனுப்பினாலும் நம்பும். ஆகவே ஒரு சாதாரண ஊழியரின் கணினியிலிருந்து, என்ஜின்எக்ஸைத் தாண்டி நேராக 8080 போர்ட்டுக்கு, அந்த ஹெட்டரில் அட்மின் என்று எழுதி கர்ல் கட்டளையால் ஒரு கோரிக்கை அனுப்பிப் பாருங்கள். இணைப்பே கிடைக்கக் கூடாது. கிடைத்து, அட்மினாக உள்ளே விட்டால், ஃபயர்வாலில் 8080ஐ ப்ராக்ஸிக்கு மட்டும் திறந்து மற்றவர்களுக்கு அடையுங்கள். பிறகு வெளியிலிருந்து வரும் அதே ஹெட்டரை என்ஜின்எக்ஸ் அழித்துவிட்டுத்தான் தன்னுடையதை எழுதுகிறதா என்று, இந்த முறை 443 வழியாக, அதே கோரிக்கையை மறுபடி அனுப்பிப் பாருங்கள்.